குமிழ் போன கத்தி

மீன்காரிக்கு வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு வெள்ளிக்கிழமைதான். அன்றைக்குப் பாதி ஊர் மீனைத் தொடாது. மற்ற நாளெல்லாம் இருட்டோடு எழுந்து காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து வந்து, பம்மல் சாலையோரம் கடை போடுகிற பாப்பாவுக்கு அந்த ஒரு நாளாவது காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்று ஆசை. பத்து வாரமாக அந்த ஆசையில் மண். புருஷன் ஜீவானந்தத்தோடு பொழிச்சலூரில் பஸ் ஏறிப் பழைய சாமான் விற்கிற பல்லாவரம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இது பதினோராவது வெள்ளிக்கிழமை.

தேடிப் போனது பெரிய பொருள் ஒன்றுமில்லை. சுண்டுவிரல் நகத்தளவுகூட வராத ஓர் இரும்புக் குமிழ்.

ஜீவானந்தத்தின் மடக்குக் கத்தியில் அது இருந்தது. கட்டைவிரலால் குமிழைத் தள்ளினால் ஒரே கையில் கத்தி திறந்துகொள்ளும். கடலுக்குப் போன காலத்தில் அது வெறும் சௌகரியம். மூன்று வருஷத்துக்கு முன்னால் கயிறு இழுக்கும் மிஷினில் சிக்கி இடது கை விரல்கள் மடங்காமல் போன பிறகு அதுவே கதியாகிவிட்டது. ஐஸ் மூட்டையின் கயிற்றை அறுப்பான். கடமா என்கிற கணவாயை இடது மணிக்கட்டால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கீறிச் சுத்தம் செய்வான். கடையில் பாப்பாவுக்குச் சமமாக வேலை செய்துகொண்டிருந்தான்.

குமிழ் போனதும் எல்லாம் போயிற்று. முதல் நாள் பல்லால் கடித்துத் திறந்தான். மீன் வாங்க வந்த அம்மா முகத்தைச் சுளித்தாள். மறுநாளிலிருந்து, "பாப்பா, கொஞ்சம் தொறந்து வை" என்று கேட்டான். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. ஆகவே அவள் கையைத் துடைத்துக்கொண்டு, திறந்து, பலகைமேல் வைப்பாள். அவன் எடுத்துக்கொள்வான். கூட்ட நேரத்தில் அவள் கை ஒழியும்வரை கத்தியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். நாலாம் நாள் அப்படிக் காத்திருந்தவன் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான். அப்புறம் கடைப் பக்கமே வரவில்லை. நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் திரும்பக் கடைக்கு வர வேண்டும். பாப்பாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அலையாத இடமில்லை. மகள் சத்யப்ரியா கம்பெனிக்குப் போன் போட்டாள். அந்த மாடலை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது, உதிரிபாகம் கிடையாது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு பெண் தேனொழுகச் சொன்னாள். தாம்பரம் லேத் பட்டறையில் முடுக்கிக் கொடுத்த ஸ்குரு இரண்டே நாளில் கழன்று விழுந்தது. பெருங்களத்தூரில் சாணை பிடிப்பவர் கையை விரித்தார். பாப்பா வேறொரு கத்தி வாங்கி வந்தாள். அது நகத்தை விட்டு இழுக்கிற ரகம், அதற்கும் இரண்டு கை வேண்டும்.

இத்தனை அலைச்சலிலும் பாப்பா வாயைத் திறக்காத விஷயம் ஒன்று உண்டு. குமிழை உடைத்தவளே அவள்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஐஸ்கட்டி உடையவில்லை. அவன் டீ குடிக்கப் போயிருந்தான். பலகைமேல் மடக்கிக் கிடந்த கத்தியை எடுத்து ஓங்கி இரண்டு போடு போட்டாள். குமிழ் தெறித்து ஐஸோடு ஐஸாகப் போய்விட்டது. அவன் வந்து பார்த்துக் கேட்டபோது, "தேஞ்சி வுழுந்துச்சி போல" என்று சொல்லிவிட்டாள் மகராசி. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை விடிந்தால் முதலில் செருப்பை மாட்டுகிறவள் அவள்தான்.

சந்தையில் தார்ப்பாய் விரித்துப் பழைய கத்தி, ஸ்பேனர் விற்கிற சிட்டிபாபு தூரத்திலேயே கையை ஆட்டினான்.

"அக்கா, வா வா! நீ கேட்ட அதே மாடலு, மூணு புட்ச்சாந்துகிறேன்."

பாப்பா குனிந்து மூன்றையும் எடுத்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். மூன்றிலும் குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

"இன்னாப்பா, மூணும் மொட்டையா கீது?"

"இதுல மொதல்ல போறதே அதான்க்கா. குமிழ் இருந்தா எவன் பழைய சாமான்ல போடுவான்?"

நியாயமான கேள்வி. பதினோரு வாரம் வெயிலில் காய்ந்தவர்களுக்கு இது தோன்றவே இல்லை. சிட்டிபாபு அவர்களுடைய கத்தியை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தான்.

"அண்ணா, உன்து தேஞ்சி வுழல. பாரு, கைப்பிடி நசுங்கிகீது. யாரோ இத்த வச்சி எதையோ இடிச்சிகிறாங்கோ."

பாப்பா தார்ப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தாம்பா இடிச்சேன்" என்றான் ஜீவானந்தம். கத்தியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்தான்.

பஸ் நிறுத்தம் வரை பாப்பா அவன் பின்னாலேயே போனாள். அங்கே அவளுக்குத் தாங்கவில்லை, கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"யோவ், நீ எங்கய்யா இடிச்ச? நான்தான்யா ஐஸ்ஸ இடிச்சேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"டீ குட்ச்சிட்டு வரச்சொல்லோ நீ இடிக்கிறத பாத்தேன்."

"அடப்பாவி! அப்பறம் எதுக்குய்யா பதினோரு வாரம் என்னிய இழுத்துகினு சுத்துன?"

"நானா இழுத்தேன்? வெள்ளிக்கெழம ஆனா நீதான் செருப்ப மாட்டிகினு நிக்கிற. சரி, உன் மனசு ஆறட்டும்னு கூட வந்தேன். எனுக்கும் காலு வலிக்குது பாப்பா."

அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டுக்கும் உடம்பில் தெம்பில்லை. நிறுத்தத்துக் கட்டையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப குமிழ் வோணாவா உனுக்கு?"

"வோணும்தான். கெடைக்கலியே." காலைத் தேய்த்துக்கொண்டான். "கூட்டத்துல நீ எப்ப என் பக்கம் திரும்புவன்னு உன் மூஞ்சியவே பாத்துகினு குந்திகினு இருக்கணும். அதான் என்னால முடில."

பஸ் வந்தது. உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா கூப்பிடவில்லை. ஆனால் எட்டு மணிக்கு அவனே கடைக்கு வந்து பலகை ஓரமாக உட்கார்ந்தான். நல்ல கூட்டம். ஒரு கடமாவை இழுத்து மணிக்கட்டின் கீழ் வைத்தான், இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். திறந்து வைக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

எதிரே ஒருவர் வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாப்பா அவரை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினாள். மீன் கையைத் துடைக்கக்கூட இல்லை. கத்தியைப் பிடுங்கித் திறந்து, பலகைமேல் வைக்காமல் நேராக அவன் உள்ளங்கையில் திணித்தாள்.

அவன் திடுக்கிட்டுப் பார்த்தான். "இன்னாடி, கைல குடுக்குற? சண்ட வரும்."

"வரட்டும்யா" என்றாள் பாப்பா. "சண்ட போடத் தெம்பு யாருக்குக் கீது?"