ஒற்றைத் தொப்பி

நெஞ்சில் நீதி உள்ளவர்களே, அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பள்ளத்தின் விளிம்புக்கு வந்து நில்லுங்கள். கீழே சினிமா எடுக்கிறார்கள். காக்கி அரைக்கால்சட்டை அணிந்த ஒருவன் கன்னத்தில் அறை வாங்குகிறான். வேடிக்கை பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். இன்னொரு முறை என்கிறார் டைரக்டர். அவன் மறுபடியும் கன்னத்தை நீட்டுகிறான். அறை நடிப்புக்காக விழுவது. அதில் அநியாயம் இல்லை. அநியாயம் எங்கே இருக்கிறது என்று காட்டத்தான் இந்த அழைப்பு.

அறை வாங்குபவன் மாயவன். குன்னத்தின் காலனித் தெருவில், பருத்திக்காட்டுக் கூலிகளுக்குப் பிறந்தவன். அறைபவன் சின்னப்பராஜ், வரதராசன்பேட்டை வாத்தியார் வீட்டுப் பிள்ளை. இருவரும் பல ஆண்டுகளாகத் திருவிழா மேடைகளில் கூட்டாளிகள். இரண்டு போலீஸ்காரர்கள் முதலில் முட்டிக்கொண்டு, பிறகு கட்டிக்கொண்டு, கடைசியில் கடத்தல்காரனைப் பிடிக்கிற படங்கள் கொட்டகைதோறும் ஓடிய காலம் அது. அந்தப் படங்களைத்தான் அவர்கள் நையாண்டி செய்தார்கள்.

இருவருக்கும் சேர்த்துத் தொப்பி ஒன்றே. அதை அணிந்தவன் இன்ஸ்பெக்டர், அவன் அறையலாம். ஆனால் அறைந்த கையோடு தொப்பியைக் கழற்றி, அடிபட்டவன் தலையில் வைத்துவிட வேண்டும். கழற்றச் சற்றே தாமதித்தாலும் கூட்டம் விடாது. "தொப்பிய மாத்து, தொப்பிய மாத்து" என்று பந்தல் அதிரும். காலனிக்காரன் கை வாத்தியார் மகன் கன்னத்தில் இறங்க, ஊரே கைதட்டிய மேடை அது.

அதைப் பார்த்த சென்னைக் கம்பெனி ஒன்று படமாக்க வந்தது. வந்த அன்றே டைரக்டர் தொப்பியைச் சின்னப்பராஜ் தலையில் வைத்தார்; மாயவனுக்குக் கான்ஸ்டபிளின் அரைக்கால்சட்டை தைக்கச் சொன்னார். இன்று இல்லாவிட்டால் நாளை மாறும் என்று மாயவன் காத்திருந்தான். மாறவில்லை.

பொறாமை அவனுக்குள் குடியேறியது. கூட்டாளிக்குப் போட்ட நாற்காலியைப் பார்த்தான். கூட்டாளியின் பூட்ஸை ஒருவன் குனிந்து துடைப்பதைப் பார்த்தான். வெயிலில் தொப்பி நிழல் விழுந்த அந்த நெற்றியைப் பார்க்கும்போதெல்லாம் தன் நெற்றி எரிவதாக உணர்ந்தான். ஒரே இலையில் தின்ற நாட்கள்கூட இப்போது கசந்தன.

வீட்டில் அவன் மனைவி வேம்பு, வீங்கிய கன்னத்துக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தாள்.

"இத்தன வருசம் அவருகிட்ட அடி வாங்கியிருக்கீங்க. ஒரு நாளும் இப்புடி வீங்கலையே."

"அப்பல்லாம் திருப்பி வாங்கணும்னு அந்தக் கைக்குத் தெரியும்," என்றான் மாயவன்.

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போனபோது, நாற்காலியில் கிடந்த தொப்பியை எடுத்துப் பள்ளத்தில் தேங்கிய பச்சைத் தண்ணீரில் வீசினான். அது மூழ்கும்வரை நின்று பார்த்தான். இனி யாருக்கும் தொப்பி இல்லை என்ற நிம்மதியோடு திரும்பினான். ஒற்றைத் தொப்பியோடு வாழ்ந்தவன் செய்யக்கூடிய தவறு அது. சாயங்காலத்துக்குள் திருச்சியிலிருந்து பெட்டி நிறையத் தொப்பிகள் வந்திறங்கின. அத்தனையும் சின்னப்பராஜின் தலை அளவு.

கடைசிக் காட்சி வந்தது. சின்னப்பராஜ் அறைந்தான். பழகிய கை சும்மா இருக்குமா? தொப்பியைக் கழற்றி மாயவன் தலையில் வைத்தது. மாயவன் நிமிர்ந்தான். கையை ஓங்கினான்.

"கட், கட். என்னய்யா இது? இவன இன்ஸ்பெக்டர்னா எவன் நம்புவான்?" என்றார் டைரக்டர். சுற்றிலும் சிரிப்பு.

ஊர் ஊராக நம்பினார்களே! அந்த ஒரு சொல்லைக் கூட்டாளி சொல்வான் என்று மாயவன் ஓங்கிய கையோடு நின்றான். சின்னப்பராஜ் கண்ணைத் தாழ்த்தித் தொப்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"பொறுத்துக்க கூட்டாளி. படம் வரட்டும்."

படம் வந்தது. பெரம்பலூர்க் கொட்டகையில் சின்னப்பராஜ் மாலையோடு மாடியில் அமர்ந்தான். மாயவன் கீழே பெஞ்சில், வேம்புவின் பக்கத்தில். திரையில் அறை விழுந்தது, சனம் சிரித்தது. முன்பு தொப்பியை மாற்றச் சொன்ன குன்னத்துச் சனமும் சிரித்தது. மாடியை அண்ணாந்து பார்த்த மாயவனின் கண்கள் எரிந்தன.

அடுத்த அறை விழுந்ததும் வேம்பு எழுந்தாள்.

"தொப்பிய மாத்து," என்றாள், கொட்டகை முழுக்கக் கேட்கும்படி.

உட்காரச் சொல்லி நாலு பக்கமிருந்தும் அதட்டினார்கள். அவள் உட்காரவில்லை. மறுபடியும் அதையே சொன்னாள். மாடியில் சின்னப்பராஜின் கை தானாக எழுந்து தன் வெறுந்தலையைத் தொட்டது.

அந்தப் படம் உங்கள் ஊருக்கும் வரும். ஒரே கன்னத்தில் ஓயாமல் அறை விழும். அப்போது சிரித்துவிட்டு வீடு திரும்பாதீர்கள். அவள் ஒருத்தி தனியே நின்று தொண்டை வறள விடாதீர்கள். எழுந்து நில்லுங்கள், தொப்பியை மாற்றச் சொல்லுங்கள், மாற்றும்வரை உட்காராதீர்கள்.