கை தேறிவிட்டது

மாத்திரை வேலை செய்கிறது என்பது ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் டாக்டருக்குத் தெரிந்தது. சீட்கவர் அக்காவுக்கு அது ஐந்து வாரம் முன்னாலேயே தெரியும். கன்னத்தில் விழுந்த அறையின் கனத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். இருபத்தோரு வருஷமாக வாங்கியவளுக்கு இது கூடவா தெரியாது?

கார்களுக்கு இருக்கை உறை தைப்பவள் என்பதால் அந்தப் பட்டறை வரிசையில் எல்லாருக்கும் அவள் சீட்கவர் அக்கா. நாலு கடை தள்ளி அவள் புருஷன், டிங்கர். மோதி ஒடுங்கிய கார்த் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. உள்பக்கம் ஒரு இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்து, வெளிப்பக்கம் பெயின்ட் உரியாமல் சுத்தியலால் தட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது என்பார்கள். வீட்டிலும் அதே கைவரிசைதான். முதுகு, தொடை, தோளுக்குக் கீழே என்று துணி மறைக்கிற இடமாகப் பார்த்து அடிப்பான். கன்னத்தில் என்றால் விரித்த உள்ளங்கையால், சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிந்துவிடுகிற அளவில். தொழில் தெரிந்த பாவி!

அப்படிப்பட்டவன் போன வருஷம் மஞ்சளாகிப் போனான். கண் மஞ்சள், தோல் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு. காமாலை என்றுதான் நினைத்தார்கள். பித்தக் குழாயில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது, வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர். அடைத்த குழாய்க்குள் ஒரு சின்னக் குழாயைச் செருகி வழி விட்டார்கள். நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். கொஞ்ச நாள் கேட்ட அந்த மருந்தும் கைவிட்டது. எண்பது கிலோ ஆள் ஐம்பத்திரண்டுக்கு வந்தான். தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் கை ஆடியது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அடிக்கிற தெம்பு போனதும் அவனுக்குள்ளிருந்து வேறு ஒரு மனுஷன் எட்டிப் பார்த்தான். அவன் முதுகுக்கு அவள் தலையணை வைத்தால், "நீ படுத்தியா? ராத்திரி பூரா முழிச்சே இருந்தே போல" என்பான். ஒரு மதியம் அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, "உன்னை நிறைய அடிச்சுட்டேன்ல?" என்று கேட்டான். கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். இருபத்தோரு வருஷக் கல்யாணத்தில் அவள் நிஜமாகக் குடும்பம் நடத்தியது அந்த ஐந்து மாதம்தான். இந்த மனுஷனைச் சாக விடமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள்.

கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை மரபணுச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி டாக்டரை நச்சரித்ததும் அவள்தான். முடிவு வந்த அன்று டாக்டர், "பத்துப் பேர்ல ஒருத்தருக்குத்தான்மா இந்த மாற்றம் இருக்கும், இவருக்கு இருக்கு" என்றார். "அதைக் குறி வெச்சு அடிக்கிற மாத்திரை ஒண்ணு உண்டு. நோயை அடியோட எடுக்காது. ஆனா பிடிச்சு நிறுத்தும், சுருக்கவும் சுருக்கலாம்." பதினான்கு நாள் தினம் ஒரு மாத்திரை, அப்புறம் ஏழு நாள் ஓய்வு. இது ஒரு சுற்று. நர்ஸ் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தாள். எடை, பசி, வாய், நகம், கண் என்று கட்டம் போட்டு, கடைசியில் அகலமாக 'மற்றவை' என்று ஒன்று.

"அக்கா, ஒண்ணையும் விடாதீங்க. சின்ன விஷயம்தானேன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. உடம்புல நடத்தையில எது மாறினாலும் எழுதுங்க" என்றாள் நர்ஸ். அக்கா தலையாட்டினாள். துணிக்கு அளவெடுத்துக் குறிக்கிற கை, சொன்னால் சொன்னபடி எழுதும்.

முதல் சுற்றில் வாய் காய்ந்து நாக்கு மரத்துப்போனது. இரத்தத்தில் பாஸ்பேட் ஏறியதால் பால், பாலாடைக்கட்டி, கொட்டை வகை, கோலா எல்லாவற்றுக்கும் தடை. இரண்டாம் சுற்றில் நகங்கள் பழுத்து அடியிலிருந்து கிளம்பின. அட்டையைக் குத்தி மாத்திரையை எடுக்க அவனால் முடியாது. தினம் காலை எட்டு மணிக்கு அவள்தான் எடுத்து வாயில் போடுவாள். அதே சுற்றில் அவன் தானாக எழுந்து கக்கூசுக்குப் போனான். மூன்றாம் சுற்றில் பட்டறைக்கே போனான்.

அன்று கொழுந்தன் ஓட்டமாக ஓடி வந்தான். அண்ணன் படுத்ததிலிருந்து பட்டறையைப் பார்த்துக்கொள்கிறவன், நல்லவன், பயந்தாங்கொள்ளி. "அண்ணி, அண்ணன் என்னைக் கெட்ட வார்த்தையில திட்டினாரு! ஸ்பேனரைத் தூக்கி எறிஞ்சாரு, தலைக்கு ஒரு சாண் தள்ளிப் போச்சு! பழையபடி ஆயிட்டாரு அண்ணி!" அவன் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மேஜை மேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலையில் டீக்காக அந்த அறை விழுந்தது. பால் ஊற்றிய டீ வேண்டும் என்றான்.

"பாஸ்பேட் ஏறிடும்ங்க. நர்ஸ் சொல்லியிருக்கு."

"நர்ஸ் உன் புருஷனா, நான் உன் புருஷனா?"

"ரெண்டு நாள் பொறுங்க, ரத்தம் பார்த்துட்டு..."

வாக்கியம் முடியவில்லை. டம்ளர் சுவரில் பட்டுச் சிதறியது. அடுத்த நொடி அவள் காதுக்குள் ரயில் ஓடியது. கதவில் மோதி உட்கார்ந்துவிட்டாள். வாயில் ரத்தம் கரித்தது. அடியா அது? எண்பது கிலோ காலத்து அடி!

அடித்தவன் அலறினான். ஊரே கூடுகிற அலறல். நடுவிரல் நகம் அவள் கன்னத்தில் பட்ட வேகத்தில் பாதி பெயர்ந்து மேலே நின்றது, அடியில் பச்சை இறைச்சி. "ஐயோ, கொன்னுட்டியேடீ!" என்று துள்ளினான். நகத்தில் சீழ் வைத்தால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அவள் எழுந்தாள். உப்புத் தண்ணீரால் கழுவினாள், களிம்பு வைத்தாள், துணி சுற்றினாள். அவள் உதட்டிலிருந்து சொட்டிய ரத்தம் அந்த வெள்ளைத் துணியிலேயே விழுந்தது.

"மெல்லடீ, வலிக்குது! மாட்டுக்கா கட்டுறே?"

அடி வாங்கியவளே அடித்த கைக்குக் கட்டுப் போடுகிற கொடுமையை எங்கே போய்ச் சொல்ல? நோட்டில்தான் எழுதினாள்.

அதற்கப்புறம் அவன் நகம் படாமல் அடிக்கக் கற்றுக்கொண்டான். முழங்கையால் விலாவில். மணிக்கட்டின் எலும்பால் பிடரியில். ஒருநாள் அவள் தையல் மெஷினில் குனிந்திருக்கும்போது பின்னாலிருந்து இடுப்பில் ஒரு உதை விட்டான். ஊசி ஆள்காட்டி விரலைத் துளைத்து மறுபக்கம் வந்தது. மெஷின் சக்கரத்தைத் தன் கையாலேயே பின்னோக்கிச் சுற்றி விரலை விடுவித்துக்கொண்டாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். "கூப்பிட்டா காது கேக்கணும்" என்றான்.

மறுநாள் காலை எட்டு மணி. மாத்திரை அவள் உள்ளங்கையில் இருந்தது. சமையலறைத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சுழன்று ஓட்டைக்குள் இறங்கியது. கையைச் சாய்த்தால் போதும். அட்டை காலியாக இருக்கும், யாருக்கும் தெரியாது. ரெண்டே மாதத்தில் அவன் கை ஆடும், டம்ளர் நழுவும். அவளுடைய அந்த மனுஷன் திரும்பி வருவான், "நீ படுத்தியா" என்று கேட்பான். கேட்டுவிட்டுச் செத்தும் போவான். அதை நினைத்தபோது அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு அழுகை கிளம்பியது. ச்சீ, இவன் கையால் செத்தாலும் சாவேனே தவிர இவனுக்காகக் கொலைகாரி ஆகமாட்டேன் என்று குழாயை மூடினாள். உள்ளே போய் மாத்திரையை அவன் வாயில் போட்டாள். இவ்வளவு நேரமா என்று கேட்டுத் தண்ணீரை அவள் முகத்தில் துப்பினான்.

நாலாம் சுற்று முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவன், அவள், கொழுந்தன். டாக்டர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். முகமெல்லாம் பல். "பாருங்க, பாதிக்குப் பாதி சுருங்கிடுச்சு! புதுசா எங்கயும் இல்ல!" கொழுந்தன் அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். டிங்கர் நாற்காலியில் சாய்ந்து கால் மேல் கால் போட்டான்.

நர்ஸ் பக்கத்து மேஜையில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் நின்றவள், முன்னால் ரெண்டு பக்கம் போனாள், திரும்பி வந்தாள்.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றாள். 'மற்றவை' கட்டத்தை அப்படியே வாய்விட்டுப் படித்தாள். "ரெண்டாம் சுற்று, நாள் ஒன்பது. கை ஓங்கினார், எட்டவில்லை, மூச்சு வாங்கியது. நாள் பன்னிரண்டு. ஒரு அறை, சத்தம் மட்டும், வலி இல்லை. மூன்றாம் சுற்று, நாள் ஆறு. ஒரு அறை, காது அடைத்தது, வலது நடுவிரல் நகம் பெயர்ந்தது, கழுவிக் கட்டினேன். நாலாம் சுற்று, நாள் ரெண்டு. முழங்கை, விலாவில். நாள் ஐந்து. உதை, இடுப்பில். பசி நன்றாக இருக்கிறது."

டாக்டர் திரையிலிருந்து திரும்பினார்.

"அக்கா..." நர்ஸ் நோட்டை மூடாமல் அவள் பக்கம் திரும்பினாள். "மாத்திரையால வந்த கோபம்னு நினைச்சு எழுதினீங்களா?"

"இல்ல சிஸ்டர். கோபம் அவருது, பழசு. அதைக் காட்ட உடம்புல தெம்பு வேணும்ல? அது இந்த மாத்திரை குடுத்தது. எது மாறினாலும் எழுதச் சொன்னீங்களே."

டிங்கர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. நோட்டைப் பறித்து அவள் முகத்திலேயே அடித்தான். "வீட்டு விஷயத்தை ஊரான்கிட்ட எழுதிக் குடுக்கிறியா, நாயே!" கொண்டையைப் பிடித்து இழுத்து மேஜை விளிம்பில் நெற்றியை மோதினான். ஒருமுறை, இன்னொரு முறை. டாக்டர் அவன் இடுப்பைப் பிடித்தார், கொழுந்தன் கையைப் பிடித்துத் தொங்கினான். "விடுண்ணே! அண்ணி செத்துடுவாங்கண்ணே!" ஆஸ்பத்திரிக் காவலாளிகள் இரண்டு பேர் ஓடி வந்து அவனைச் சுவரோடு அழுத்திய பிறகுதான் முடியை விட்டான்.

மூச்சு இரைக்க இரைக்க அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "டாக்டர், மாத்திரையை நிறுத்திட மாட்டீங்களே?"

பதில் அக்காதான் சொன்னாள். நெற்றி ரத்தம் புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"நிறுத்தாதீங்க சார். குடுங்க. நல்லா இருக்கட்டும்."

பையிலிருந்து அடுத்த சுற்று மாத்திரைப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். போவதற்குத் திரும்பினாள்.

"ஏய், எங்கே போறே?" அவன் குரலில் முதல் தடவையாகப் பயம் தட்டியது. "நகம் இப்படி இருக்கு, எனக்கு யாருடீ எடுத்துக் குடுப்பா?"

"கைதான் தேறிடுச்சேங்க. நீங்களே எடுத்துக்குங்க."

நர்ஸ் பின்னாலேயே ஓடி வந்து அவள் நெற்றியில் பஞ்சை வைத்து அழுத்தினாள். போலீசுக்குச் சொல்லியாச்சு, தையல் போடணும், இங்கேயே உட்காருங்க என்று நடைபாதை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு சாமான் எடுக்கப் போனாள். உட்கார்ந்ததுதான் தாமதம், அக்காவுக்கு அழுகை வெடித்தது. மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுத அந்த மனுஷன் இனி எங்கேயும் இல்லை. தினம் எட்டு மணிக்கு ஒவ்வொரு மாத்திரையாக ஊட்டி அவனை முடித்தது அவள் கைதான்.

தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"அழாத தாயி. யாரு தவறிட்டாங்க?"

"என் வீட்டுக்காரரு."

"அடப் பாவமே. எப்போ?"

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து டிங்கரின் குரல் நடைபாதை முழுக்க அதிர்ந்தது. நல்ல கனமான, ஆரோக்கியமான குரல். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ரெண்டு மாசமாச்சும்மா" என்றாள்.