பதினான்காம் பக்கத்தை ஒட்டிய கதை

1.
இந்தக் கதை மாலை வகுப்பில் பிறந்தது. "உங்களுக்குப் பெருமை தரும் ஒருவரைப் பற்றி எழுதுங்கள்" என்றார் ஆசிரியை. குழந்தைகளுக்குக் கதை எழுதும் என் சித்தியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். 'கடல் அவரை அழைத்தது' என்று தொடங்கினேன். [அடித்துவிட்டேன். கடல் யாரையும் அழைக்கவில்லை. ஐஸ் கம்பெனிக்காரர்தான் போனில் அழைத்தார்.]

2.
கரையில் ஆமை முட்டைகளுக்குக் காவலிருக்கும் குழுவுக்கு அந்த ஐஸ் கம்பெனிக்காரர்தான் தலைவர்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க ஆமைப் புத்தகத்துல பதினாலாம் பக்கத்துல அந்தப் பொண்ணு குஞ்சுகளக் கையில அள்ளிக் கடல்ல விடுறா. அதப் படிச்சுட்டு நேத்து பிள்ளைங்க வாளியோட வந்துட்டாங்க. குஞ்சு தானா நடந்துதான்க்கா போகணும். இன்னும் ஒரு குழி பாக்கி. ஞாயித்துக்கிழமை வாக்குல பொரிஞ்சிடும்."

['சித்தியின் கண்களில் கடல் திரண்டது' என்று எழுதியிருந்தேன். பொய். அவர் பசை டப்பாவைத் தேடினார்.]

3.
புதிய பதினான்காம் பக்கத்தை அன்றே எழுதி, படமும் வரைந்தார். அதில் அந்தப் பெண் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நகலெடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். பள்ளி, நூலகம், முடிவெட்டும் கடை எதையும் விடவில்லை. [நூற்றுப் பன்னிரண்டு பிரதிகளில் ஒட்டினோம். ஒன்றை நாய் தின்றுவிட்டதாம்.]

மருந்துக் கடைக்காரர் சிரித்தார். "விடுங்கக்கா, கதைதானே. இதுக்குப் போய் வெயில்ல அலையறீங்களே."

"கதைங்கிறதாலதான் அலையறேன். பாடமா இருந்தா எப்பவோ மறந்திருப்பாங்க."

[இந்த வரியை நான் மெருகேற்றவில்லை. அப்படியேதான் சொன்னார்.]

மருந்துக் கடைக்காரரின் ஏழு வயது மகளை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் புத்தகத்தைத் தரவே இல்லை.

"பழைய பக்கம்தான் நல்லாருக்கு. இதுல இவ சும்மா நிக்கிறா. போர்!"

"சும்மா நின்னு பாரு. அப்பத் தெரியும் கஷ்டம்."

ஒட்டாமலே திரும்பினோம்.

4.
ஞாயிறு, விடிகிற நேரம். மணல் அசைந்தது. குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வெளியே வந்தன. இரண்டு பக்கமும் எங்கள் தெருக்காரர்கள், எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. பேச ஆரம்பித்தால் கைகள் தானாக ஆடும் முடிவெட்டுகிறவர்கூட. அதைப் பார்த்தபோது எனக்குள் [இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பதென்று தெரியவில்லை.]

கடைசிக் குஞ்சு வாயாடியின் காலடியில் மல்லாந்து விழுந்தது. துடுப்புகள் காற்றில் அடித்துக்கொண்டன.

"அத்தை, என்னால முடியல."

சித்தியின் விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

"என்னாலயுந்தான்டி."

5.
மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் குஞ்சு தானே புரண்டது. ஒன்றில் அலை வந்தது. ஒன்றில் வாயாடி குனிந்தாள். "நிஜமா என்னதான் நடந்தது?" என்று வகுப்பே கேட்டது. நான் சொல்லவில்லை. குஞ்சு இப்போது உங்கள் காலடியில் கிடக்கிறது. தயவுசெய்து கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.