டக்கரின் ஆணி

சம்பளத்துக்கு ஆடுபவர்களின் அறையில் ஜன்னலோர ஆணி ஒன்று காலியாக இருந்தது. இங்கிலாந்துக் கவுண்டி கிரிக்கெட் அணிக்கு வந்த முதல் நாள், ஆம்ப்ளர் தன் கோட்டை அதில் மாட்டினான்.

"எடுடா அதை," என்றார் மூத்த ஆட்டக்காரர் ஆபெல். "அது டக்கர் ஆணி."

"அவரு எப்ப வருவாரு?"

"பிரான்சுல புதைச்சிருக்காங்க. போய்க் கேட்டுட்டு வா."

அன்று முதல் கோட்டு பெஞ்சில் கிடந்தது.

போருக்கு முன் கேப்டனின் ஜோடியாக ஆடியவர் டக்கர். கேப்டன் மேதகு செசில் ஃபேன்ஷா, சம்பளம் வாங்காத கனவான். ஆகவே தனி அறை, தனி வாசல். ரன் சராசரி மட்டும் பதினொன்று. இல்லாத ரன்னுக்கு 'வா' என்பார். ஓடிப்போய் அவருக்குப் பதில் அவுட்டாவது சம்பளக்காரன் கடமை. டக்கர் தயங்கியதே இல்லை. போரிலும் ஃபேன்ஷாதான் அவருக்கு அதிகாரி. பதுங்குகுழிக்கு மேலே நின்று 'வா, டக்கர்' என்றார். டக்கர் போனார்.

ஆம்ப்ளருக்கு அந்தக் கோடை கைகொடுக்கவில்லை. கடைசி ஆட்டத்துக்கு முன் அணிச் செயலாளர் சொல்லிவிட்டார்: "அம்பது அடிச்சா அடுத்த வருஷம் உண்டு. இல்லேன்னா உங்கப்பன் வெட்டற நிலக்கரிச் சுரங்கம் இருக்கவே இருக்கு."

நாற்பத்தெட்டில் இருந்தான். எதிர்முனையில் கேப்டன். பந்தை ஃபீல்டர் கைக்கே தட்டிவிட்டு, "வா!" என்று ஓடிவந்தார். ஓடினால் இவன் போனான்; நின்றால் அவர் போனார்.

ஆம்ப்ளர் நின்றான்.

பாதி வழியில் கேப்டனும் நின்றார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அவர் இவனைப் பார்க்கவில்லை. இவன் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"வராதே, டக்கர்," என்றார். "அங்கயே நில்லு."

ஸ்டம்புகள் சிதறின. கூட்டம் ஆம்ப்ளரைப் பார்த்து ஊளையிட்டது. கேப்டன் மட்டும் பாரம் இறங்கியவர்போல் நடந்து, கனவான்களின் வாசலை விட்டுவிட்டு, சம்பளக்காரர் வாசலுக்குள் நுழைந்தார்.

மாலையில் செயலாளர் கூப்பிட்டார்.

"அப்புறமும் நின்னு ஆடி அறுபத்தொண்ணு அடிச்சேன், சார்."

"எனக்கும் எண்ணத் தெரியும். கேப்டனையே ரன் அவுட் ஆக்கினவனை வெச்சுக்க முடியுமா? கவுண்டிக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு."

"கேப்டன் என்ன சொன்னாரு?"

செயலாளர் மேஜையைப் பார்த்தார். "உங்க ரூம்லயே உக்காந்திருக்கார். யார்கிட்டயும் பேச மாட்டேங்கறார்."

கோட்டை எடுக்கப் போனான். அது பெஞ்சில் இல்லை. டக்கரின் ஆணியில், தோள் நிமிர்த்தி, பொத்தான்களெல்லாம் போட்டு மாட்டியிருந்தது. அதன் எதிரே கேப்டன், மண்டியிட்டு.

"குளிருதா?" என்று கோட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் காற்று பல்லைக் கிட்டவைத்தது. ஆம்ப்ளர் வெறும் சட்டையோடு வீட்டுக்கு நடந்தான்.