யார் பேர் வெட்ட?

துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டிய லிங்கராஜை, முதுகுவலி முற்றிப்போய் இனி ஸ்டீயரிங்கைத் தொடாதே என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து சமையல் அவன் பொறுப்பு. மனைவி உமாராணி கிளியரிங் ஏஜென்ட் ஆபீசுக்குக் காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஒரு மண்ணும் இல்லை. ஆனாலும் சொந்தக்காரர்களிடம் மட்டும், உமா விடியுமுன்னே எழுந்து ஆக்கி வைத்துவிட்டுப் போகிறாள் என்று இருவரும் சொல்லி வந்தார்கள். ஊர் வாய்க்குப் பயந்த பிழைப்பு.

அன்று ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அவன் அக்கா சுடலைமாடத்தி வந்திருந்தாள். சாளைமீன் குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, உமா கைப்பக்குவம் யாருக்கு வரும் என்று சப்புக்கொட்டினாள். புளி கரைத்தவன் அவன், மசாலா அரைத்தவன் அவன், பேர் மட்டும் ஆபீசில் உட்கார்ந்திருந்தவளுக்கு. லிங்கராஜுக்கு வயிறு எரிந்தது.

மூடி நசுங்கிய பழைய அஞ்சறைப்பெட்டியைப் பார்த்த அக்கா, உமாவுக்குப் புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று அவனையும் கூட்டிக்கொண்டு பாத்திரக்கடைக்குக் கிளம்பினாள்.

கடைக்கார ஆறுமுகநயினார் அண்ணாச்சி முதலில் எடுத்து வைத்தது, கண்ணாடிக் குப்பிகள் அடுக்கிய சுழலும் ஸ்டாண்டு. அக்காவுக்குக் கண்ணைப் பறித்தது. லிங்கராஜ் வேண்டாம் என்றான். ஒவ்வொரு மூடியாகத் திருகித் திறப்பதற்குள் எண்ணெயில் கிடக்கும் கடுகு கருகிவிடும். அடுத்து வந்த மரப்பெட்டியையும் தள்ளி வைத்தான். நம் கடற்காற்றுக்கு அதில் பூஞ்சைதான் பிடிக்கும்.

கடைசியாக எவர்சில்வர் பெட்டி வந்தது. லிங்கராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். வீட்டிலிருந்தே கொண்டுவந்த கடுகும் வெந்தயமும். தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கித் திறந்தான். இரண்டும் கலந்து கிடந்தன. வேறு பெட்டி கேட்டான்; அதிலும் அப்படித்தான். அதற்கு அடுத்த பெட்டியில்தான் கடுகு கடுகாகவும் வெந்தயம் வெந்தயமாகவும் இருந்தன.

அண்ணாச்சி கணக்குப் போடுவதை விட்டுவிட்டு அவனையே பார்த்தார். அக்காவுக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. இதெல்லாம் உமா சொல்லி விட்டாளா என்று மெல்லக் கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். வாய் வரை வந்ததை விழுங்கினான்.

பேர் வெட்டும் மெஷினைக் கையில் எடுத்த அண்ணாச்சி, யார் பேர் என்றார். உமாராணி என்று அக்கா முந்திக்கொண்டாள்.

"லிங்கராஜ்னு வெட்டுங்க அண்ணாச்சி," என்றான் அவன். "எங்க வீட்டுல நான்தான் சமைக்கேன். மத்தியானம் எங்கக்கா சாப்பிட்ட குழம்பும் நான் வச்சதுதான்."

கடையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவன் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

"ஏலே, வீட்டுக்கு வாரவங்க எல்லாரும் படிப்பாங்கலே."

"படிக்கட்டும். அதுக்குத்தான் வெட்டச் சொல்லுதேன்."

மெஷின் கிர்ரென்று ஓடத் தொடங்கியது. முன்னால் இனிஷியல் வேண்டுமா என்று அண்ணாச்சி தலை நிமிராமல் கேட்டார்.

"போடுங்க," என்றான் லிங்கராஜ். "வேற எவனோ லிங்கராஜ்னு எங்கக்கா சொல்லிரக் கூடாது."