தாதரில் மாட்டியிருந்த குலவை

போன வருஷம் ஜூன் மாதம், மழை இன்னும் சரியாகப் பிடிக்காத ஒரு திங்கட்கிழமை, காலை ஏழேகால் மணிக்குக் கோமதியம்மாளின் வலது கையில் ஆறாவது விரல் முளைத்தது. ஏழரைக்குக் கண்ணீர் வரத் தொடங்கியது. விரல், மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே, நகமும் ரேகையுமாக முழுசாகவே வந்தது. வலி கிடையாது. கண்ணீருக்குக் காரணமும் கிடையாது. தாராவி தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் தன் வீட்டில் அவள் அப்போது சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வெங்காயம்கூட உரிக்கவில்லை. வீட்டில் சண்டையும் இல்லை. புருஷன் மாரிக்கண்ணன் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, என்னத்துக்கு அழுகிறாய் என்று கேட்டதற்கு, நானா அழுகிறேன் என்று அவள் திருப்பிக் கேட்டாள். கண்ணாடியைப் பார்த்தாள். அழுதுகொண்டுதான் இருந்தாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கண் நன்றாக இருக்கிறது என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். விரலைப் பற்றிக் கேட்டதற்கு, பிறவியிலேயே இருந்திருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கோமதியம்மாள் யாரென்று தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பம்பாய்க்கு வந்து இருபத்தேழு வருஷம். தோல் பை தைக்கும் கார்கானாவில் உள்துணி தைப்பது வேலை. ஆனால் பெயர் எடுத்தது குலவையில். விக்ரோலியில் வளைகாப்பு என்றாலும் அம்பர்நாத்தில் சடங்கு என்றாலும் அவளுக்கு ஆள் வரும். வாயைத் திறந்து நாக்கை இடமும் வலமுமாக அடித்து அவள் போடும் குலவை, ஒரே மூச்சில், பால் பொங்கித் தொடங்கி வழிந்து அடங்கும்வரை நிற்கும். பொங்கல் அன்று தொண்ணூறடி ரோட்டில் வரிசையாக அடுப்புக் கூட்டிப் பெண்கள் பொங்கல் வைக்கும்போது முதல் குலவை அவளுடையது. அவள் ஆரம்பிக்காமல் வேறு யாரும் வாய் திறப்பதில்லை. அதைச் சட்டமாக யாரும் எழுதி வைக்கவில்லை, அப்படியே நடந்து வந்தது.

அந்தப் பொங்கலுக்கு வருஷா வருஷம் கேமராக்காரர்கள் வருவார்கள். எங்கெங்கிருந்தோ வருவார்கள். அடுப்புக்கு முன்னால் குத்தவைத்து, மூக்குக்கு எதிரே லென்ஸை நீட்டி, பேர் என்ன என்றுகூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போவார்கள். நம் பெண்களும் எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும், படம்தானே, சட்டியையா தூக்கிக்கொண்டு போகிறான் என்று புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். செய்த தப்பு அது ஒன்றுதான். கேமராக்காரன் சட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போனான் என்பது பிறகு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பூ வாங்க வியாழனன்று தாதர் போன மாரிக்கண்ணன், ஸ்டேஷன் நடைபாலத்தின் படிக்கு மேலே ஒரு விளம்பர ஹோர்டிங்கில் தன் பெண்டாட்டியை இருபது அடி உயரத்தில் பார்த்தான். கிழிந்த பிளாஸ்டிக் கூரை, சகதித் தரை, மடியில் விலா எலும்பு தெரியும் ஒரு கைப்பிள்ளை. வாயைப் பிளந்து கதறிக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டிலும் கண்ணீர். பிள்ளையைப் பிடித்திருந்த வலது கையில் ஆறு விரல். அவளுடைய அழுகையை உங்களால் நிறுத்த முடியும் என்று கீழே ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதி, போனைக் காட்டிப் பணம் அனுப்ப ஒரு கட்டக் குறியும், அந்தேரியில் இருக்கிற ஏதோ தொண்டு நிறுவனத்தின் பேரும் போட்டிருந்தது. திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு மாட்டினார்கள் என்று படிக்குக் கீழே எலுமிச்சம்பழம் விற்கிறவன் சொன்னான். மாரிக்கண்ணன் பூ வாங்காமலே வீட்டுக்கு வந்தான்.

மகள் கோகிலவாணிக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். போனில் எதையும் தோண்டி எடுத்துவிடுவாள். ஒரே சாயங்காலத்தில் அவள் மூலப் படத்தைக் கண்டுபிடித்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தின பொங்கல். அதே முகம், இடது புருவத்தில் அதே தழும்பு, அதே திறந்த வாய். மடியருகே பொங்கி வழிகிற பானை. கண்ணில் இருந்தது அடுப்புப் புகைக்கு வந்த தண்ணீர். படம் இன்டர்நெட்டில் கிடந்தது, படம் வரையும் மெஷின் ஒன்று லட்சக்கணக்கான படங்களோடு இதையும் விழுங்கியது. தாராவி ஏழைத்தாய் அழுகிறாள், கொடு என்று யாரோ டைப் அடிக்கவும் அது இவளைக் கொண்டுவந்து நிறுத்தியது. கேட்டவனுக்கும் குலவை தெரியாது, கொடுத்த மெஷினுக்கும் தெரியாது. வாய் திறந்திருந்தால் ஒப்பாரி, கண் நனைந்திருந்தால் பட்டினி. பானையை எடுத்துவிட்டுச் சாகக் கிடக்கிற பிள்ளையை வைத்தது, எண்ணத் தெரியாமல் ஒரு விரலைக் கூட்டியது. இதற்குப் பேர் அறிவாம், பேரிலேயே போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ணீர் மணிக்கு அரை டம்ளர் வீதம் வந்தது. உப்புத் தண்ணீர் பட்டால் பைத் தோலில் வெள்ளைத் திட்டு விழும், அதைத் துடைத்துப் போக்க முடியாது. ஏழு பை கெட்டுப்போன பிறகு கார்கானா முதலாளி கரீம் பாட்சா, கோபப்படாமல், கழுத்தில் ஒரு துவாலையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அவளை நூல் வெட்டும் வேலைக்கு மாற்றினார். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஆகஸ்டில் நடந்தது. எதிர்வீட்டுப் பொன்செல்விக்கு வளைகாப்பு. கடைசி வளையல் போட்டதும் எல்லாரும் கோமதியம்மாளைப் பார்த்தார்கள். அவள் துவாலையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள். வந்தது ஒப்பாரி. இழவு வீட்டில் நெஞ்சில் அடித்துக்கொண்டு எழுப்புகிற அதே ஓலம், வளையல் போட்ட பிள்ளைத்தாய்ச்சிக்கு முன்னால். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். பொன்செல்வி மட்டும் எழுந்து வந்து அவள் வாயைத் தன் கையால் பொத்தினாள். அதற்குப் பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடாதே என்று யாரும் சொல்லவும் இல்லை. தகவல் வருவது நின்றுபோனது. இருபத்தேழு வருஷம் ஊர் நல்லது கெட்டதில் முன்னால் நின்றவள், கல்யாண மேளம் கேட்டால் ஜன்னலைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள்.

செப்டம்பரில் அம்மாவும் மகளும் அந்தத் தொண்டு நிறுவனத்தின் அந்தேரி ஆபீசுக்குப் போனார்கள். அங்கே விளம்பரத்துக்குப் பொறுப்பு வெங்கடேஷ் என்ற செம்பூர்ப் பையன், நம் ஆள்தான், மரியாதையாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். அவன் எதிரே கண்ணீர் வழிய, ஆறு விரலையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு கோமதியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவன் மிக்க பொறுமையோடு விளக்கினான். நிஜமான ஏழைப் பெண்ணைப் படம் எடுத்துப் போட்டால் அவளுக்கு அவமானம், அதைத் தவிர்க்கத்தான் மெஷினிடம் போனார்கள். பெண்களின் கண்ணியத்தைக் காப்பது அவர்கள் நிறுவனத்தின் கொள்கை, சுவரில்கூட எழுதி மாட்டியிருக்கிறது. பணம் பிள்ளைகளுக்குத்தான் போகிறது.

"பாருங்கம்மா, இது உங்க படம் இல்லை. இது யாரோட முகமும் இல்லை. மெஷின் பண்ணினது" என்றான்.

"யாரு மூஞ்சியும் இல்லைன்னா, நான் எதுக்குத் தம்பி அழுதுக்கிட்டிருக்கேன்?" என்று கோமதியம்மாள் கேட்டாள்.

அவன் மேஜை டிராயரைத் திறந்தான். புகாரை சிஸ்டத்தில் பதிய ஒரு ஃபாரம் கொடுத்தான். படத்துக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. கோகிலவாணி பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டாள். காலியாக இருக்கிற ஃபாரத்தை சிஸ்டம் எடுத்துக்கொள்ளாது என்று அவன் வருத்தப்பட்டான். கிளம்பும்போது பிஸ்கட்டும் சோப்பும் போட்ட ஒரு பையை நீட்டினான். கோமதியம்மாள் அதைத் தொடவில்லை.

"எங்கிட்ட வந்து கேட்டிருந்தா, நல்ல சேலை உடுத்திச் சிரிச்சுக்கிட்டு நின்னிருப்பேன். பிள்ளைகளுக்குன்னா வேண்டாம்னா சொல்லப் போறேன்? கேக்கத்தானே செய்யணும். அதுக்கு எத்தனை நிமிசம் ஆகும் உனக்கு?" என்றாள்.

அவன் அந்தக் கண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். இதை எப்படி நிறுத்துவது என்று அவனுடைய போர்டிலேயே எழுதியிருந்தும் அவனுக்குத் தெரியவில்லை.

ஜனவரி வந்தது. பொங்கல் கமிட்டியார் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, ஊர் மழையைப் பற்றிப் பேசி, கடைசியில் இந்த வருஷம் நீங்கள் சும்மா உட்கார்ந்து பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாரிக்கண்ணன், ஜானே தோ, விட்டுத் தள்ளுட்டி என்றான். அவள் விடவில்லை. போகிப் பண்டிகை அன்று காலை, தோல் வெட்டும் கத்தியைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு தாதருக்குக் கிளம்பினாள். பழையதையெல்லாம் தெருவில் போட்டுக் கொளுத்துகிற நாள், அந்தப் படத்தைக் கிழித்துக் கொண்டுவந்து அந்தத் தீயில் போடுவதாக முடிவு. கூடவே கோகிலவாணியும், மூன்று மாசப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பொன்செல்வியும் வந்தார்கள். வர வேண்டாம் என்று சொன்னதற்குப் பொன்செல்வி, உங்கள் குலவை எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்றாள்.

ஒன்பது மணிக்கு நடைபாலத்தின் படியில் கூட்டம் இடித்துக்கொண்டு ஏறி இறங்கியது. ஏழு மாசத்தில் கோமதியம்மாள் அந்தப் படத்தை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதுவரை வெட்கமும் ஆத்திரமும் அவளை அந்தப் பக்கம் போகவிடவில்லை. கத்தியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தவள், பார்த்துக்கொண்டே நின்றாள். வாய்க்குள்ளே நாக்கு வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. ஒப்பாரி வைக்கிற ஒருத்திக்கும் நாக்கு அப்படிப் போகாது. வலப்பக்கம் போன நாக்கு இடப்பக்கம் வருவதற்குள் கேமராக்காரன் அமுக்கிவிட்டான், மெஷின் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அதை மட்டும் அறியாமல் அப்படியே விட்டுவிட்டது. மூன்று வருஷமாக ஒரு மூச்சு அங்கே பாதியில் நின்றிருந்தது. கோமதியம்மாள் கத்தியைப் பைக்குள் போட்டாள்.

அவள் படத்தைப் பார்த்து, புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கிற குரலில் பேசினாள். "ஏட்டி, நீ அழலை. உன்னைய அழுதான்னு சொல்லிட்டானுவ. நாக்கை இடப்பக்கம் கொண்டா. நிப்பாட்டுன எடத்துலேருந்து போடு."

படம் குலவை போட்டது. ஒன்பது இருபதுக்குத் தொடங்கி, எல்லாப் பிளாட்பாரத்துக்கும் கேட்கும்படி, ஒரே மூச்சில் போட்டது. அடுத்த விநாடி கீழே நின்ற கோமதியம்மாளும் சேர்ந்துகொண்டாள், ஒப்பாரியில்லை, குலவை, பழைய குலவை. அவள் ஆரம்பித்ததால் பொன்செல்வி வாய் திறந்தாள், கோகிலவாணிக்குக்கூட வந்தது. படத்தில் மடியில் கிடந்த கைப்பிள்ளை இருந்த இடத்தில் பானை திரும்பி வந்து, பொங்கி, பால் ஹோர்டிங் விளிம்பு தாண்டி நடைபாலத்துப் படியெல்லாம் வழிந்தது. ஆபீசுக்குப் போகிறவர்கள் பேன்ட்டை மடித்துக்கொண்டு ஏறினார்கள். பத்து மணிக்குத் துப்புரவு ஆட்கள் வந்து கழுவிவிட்டார்கள். கோமதியம்மாளின் கண்ணீர் ஒன்பது இருபதுக்கே நின்றுவிட்டது, துவாலையைப் பிழிந்து அங்கேயே உதறிவிட்டு வந்தாள்.

அதே நேரத்தில் அந்தப் படம் எங்கெல்லாம் போயிருந்ததோ அங்கெல்லாம் குலவை கேட்டது. பஸ்ஸின் முதுகில், பணம் அனுப்பியவர்களின் போனில், அந்தேரியில் மீட்டிங் நடந்த அறையில் ஆண்டறிக்கையின் அட்டையில். வெங்கடேஷ் எவ்வளவு அமுக்கியும் அதை மியூட் பண்ண முடியவில்லை. தொழில்நுட்பக் காரணங்களுக்காக என்று சொல்லி ஹோர்டிங்கை இறக்கினார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இன்றுவரை வரவில்லை. உங்கள் கருத்துக்கு நன்றி என்று கோகிலவாணிக்கு ஒரு மெயில் வந்தது, அதையும் மெஷின்தான் எழுதியிருக்கும். இப்போது தாராவி ஏழைத்தாய் அழுகிறாள் என்று யார் எந்த மெஷினில் அடித்தாலும் பொங்கப்பானையும் புகையும்தான் வருகிறது. கம்பெனிகள் வேறு ஊர்ப் பேரைப் போட்டுப் பார்க்கின்றன என்று கேள்வி. அந்த ஊர்ப் பெண்கள் என்ன செய்வார்களோ, அது அவர்கள் பாடு.

விரல் மட்டும் போகவில்லை. உள்துணியை இழுத்துப் பிடிக்க அது தோதாக இருக்கிறது, ஒரு நாளைக்கு இரண்டு பை கூட வருகிறது என்று கரீம் பாட்சா சொல்கிறார். போகிக்கு மறுநாள் பொங்கலுக்குக் கமிட்டியார் ஒன்றும் பேசாமல் முதல் அடுப்பை அவளுக்கே ஒதுக்கினார்கள். பால் பொங்கியதும் கேமராக்காரர்கள் வழக்கம்போல் குத்தவைத்து நீட்டினார்கள், அவள் கையைக்கூடத் தூக்கவில்லை, குலவை போட்டுக்கொண்டிருந்தாள். கேட்காமல் எடுத்தவர்களின் படத்தில், அவள் முகம் மட்டுமல்ல, அந்த ரோட்டில் பொங்கல் வைத்த அத்தனை பெண்களின் முகம் இருக்க வேண்டிய இடத்திலும் ஆறு விரலை விரித்த ஓர் உள்ளங்கை இருந்தது. கேட்டு எடுத்தவர்களுக்கு முகம் நன்றாகவே விழுந்தது, சிலருக்குச் சர்க்கரைப் பொங்கலும் கிடைத்தது. இப்போது தொண்ணூறடி ரோட்டுக்கு வருகிற கேமராக்காரர்கள் முதலில் பேர் என்ன, எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். அதற்கு அரை நிமிஷம்கூட ஆவதில்லை.