ஜெயபிரகாஷ் சார் சொன்ன விமானம்

விமானம் விழுந்து தொலைய வேண்டும் என்றெல்லாம் ராஜ்மோகன் நினைக்கவில்லை. அவனும்தானே அதில் போகிறான். கொஞ்சம் சொதப்ப வேண்டும், அவ்வளவுதான். அரைநாள் தாமதம், பெட்டி வேறு ஊருக்குப் போய்ச் சேர்வது, தண்ணீர் கேட்டால் முகத்தைச் சுளிக்கிற பணிப்பெண், இப்படி ஏதாவது ஒன்று. அப்படி நடந்தால் இளவேனில் வாயிலிருந்து ஜெயபிரகாஷ் சார் என்கிற பெயர் கொஞ்ச நாளைக்காவது வராமல் இருக்கும்.

இளவேனில் அவன் மனைவி. அம்பகரத்தூரில் அரசுப் பள்ளி அறிவியல் டீச்சர். ஜெயபிரகாஷ் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார், ஆந்திரா பக்கம் ஏனாமில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு மாற்றலில் வந்தவர். ராஜ்மோகனுக்குக் காரைக்காலில் மின்துறை ஆபீசில் கிளார்க் வேலை. விழிதியூரில் சொந்த வீடு, கொஞ்சம் நிலம், ஸ்கூல் போகிற ஒரு மகள். குறை என்று சொல்ல எதுவும் இல்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த ஆள் மாற்றலாகி வரும் வரைக்கும்.

வந்த நாளிலிருந்து வீட்டில் அவர் பேச்சுதான். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் எந்த டாக்டர் நிதானமாகப் பார்ப்பார் என்று ஜெயபிரகாஷ் சார் சொல்லியிருப்பார். கிரைண்டர் வாங்கினால் எந்தக் கம்பெனி என்று அவர் சொல்லியிருப்பார். ஒரு நாள் சாயங்காலம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவள், "பின் டயர்ல காத்து கம்மியா இருக்காம். ஜெயபிரகாஷ் சார் சொன்னாரு" என்றாள். அன்றைக்கு ராத்திரி ராஜ்மோகனுக்குச் சோறு இறங்கவில்லை. தன் வீட்டு வண்டி டயரை இன்னொருத்தன் குனிந்து பார்த்திருக்கிறான்.

பள்ளி ஆண்டு விழாவில் ஒரு தடவை அவரைப் பார்த்தான். பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார். முன்வழுக்கை, தொளதொள சட்டை, மெதுவான பேச்சு. ஆள் பார்க்கச் சுமார்தான். அதுதான் அவனுக்கு இன்னும் பொறுக்கவில்லை. அழகாக இருந்தாலாவது காரணம் புரிந்திருக்கும்.

இந்த நிலைமையில்தான் குவஹாத்தியில் நடக்கிற அறிவியல் ஆசிரியர் மாநாட்டுக்கு இளவேனிலைத் தேர்ந்தெடுத்தார்கள். பிள்ளைகளை வைத்து அவள் செய்த ஏதோ ஒரு சோதனையை அங்கே செய்துகாட்ட வேண்டும். ரயிலில் போய் வர ஒரு வாரம் போய்விடும். அவ்வளவு லீவு கிடைக்காது, விமானத்தில்தான் போக வேண்டும் என்றாள். தனியாக எப்படி அனுப்புவது, நானும் வருகிறேன் என்று ராஜ்மோகன் கிளம்பிவிட்டான். சரி, அப்படியென்றால் இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டாகப் பார்க்கிறேன் என்று அவளே போனில் தேடிப் பதிவு செய்தாள். விமானத்தின் பெயர் தித்லி ஏர்.

அப்படி ஒரு கம்பெனி இருப்பதே ராஜ்மோகனுக்குத் தெரியாது. ஆபீசில் சொன்னதும் பக்கத்து சீட்டு குணசேகரன், "இட்லி ஏரா? சாம்பார் தனியா வாங்கணுமா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து, ஊர் பேர் தெரியாத விமானத்தில் ஏன் போட்டாய் என்று கேட்டான். இளவேனில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நல்லா இருக்கும்னு ஜெயபிரகாஷ் சார் சொன்னாரு" என்றாள்.

அதற்கு மேல் அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் வேண்டுதல் அன்றிலிருந்து ஆரம்பித்தது.

மகளை அவன் அம்மாவிடம் விட்டுவிட்டு விடிகாலை பஸ் பிடித்துச் சென்னை போனார்கள். தாம்பரம் வரைக்கும் விமானம் லேட் என்று போனில் தகவல் வருமா என்று எதிர்பார்த்துக்கொண்டே போனான். வரவில்லை. விமான நிலையத்தில் பெட்டி எடை கச்சிதமாக இருந்தது. வீட்டிலிருந்து கிளம்புமுன்பே அவள் அதை அரிசி மண்டித் தராசில் வைத்துப் பார்த்திருந்தாள். எந்த வரிசை, எந்த வாசல், செக்யூரிட்டியில் எதைக் கழற்ற வேண்டும், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. இது அவளுக்கு முதல் விமானப் பயணம். அவனுக்கும்தான். இவளுக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று யோசிக்க அவனுக்கு அவசியமே இருக்கவில்லை.

விமானம் மஞ்சள் நிறம். வாலில் ஒரு பட்டாம்பூச்சி. இந்தியில் தித்லி என்றால் அதுதான். சொன்ன நேரத்துக்குக் கிளம்பி, சொன்ன நேரத்துக்கு முன்பே போய் இறங்கியது. பணிப்பெண் சிரித்த முகமாகத் தண்ணீர் கொடுத்தாள். குவஹாத்தியில் பெல்ட் ஓடத் தொடங்கியதும் முதலில் வந்தது அவர்கள் பெட்டிதான். இளவேனில் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில், வந்து சேர்ந்தோம் என்று போட்டாள். அடுத்த நிமிஷமே ஜெயபிரகாஷிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. ராஜ்மோகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தான். அவள் பின்னால் ஓடி வர வேண்டியிருந்தது.

மாநாடு ஒரு கல்லூரியில். தங்குவதற்கு விடுதியில் அறை கொடுத்திருந்தார்கள். இளவேனில் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். ராஜ்மோகன் டீ குடிப்பான். ஆற்றங்கரை வரை நடந்து போய், கடல் மாதிரி கிடக்கிற தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவான். படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பான். அவள் வந்ததும் என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேட்பான். அவள் சொல்வாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

கடைசி நாள்தான் அவள் முறை. அரங்கத்துக்குள் போன் கூடாது என்று அதை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவன் கட்டிலில் கிடந்தபோது அதில் ஒரு செய்தி வந்து விழுந்தது. தித்லி ஏரிடமிருந்து. மறுநாள் அவர்கள் சென்னை திரும்ப வேண்டிய விமானம் தவிர்க்க முடியாத காரணத்தால் ரத்து. வருந்துகிறோம். வேறு விமானத்தில் இடம் வேண்டுவோர் இன்று மாலைக்குள் கீழே உள்ள இணைப்பில் போய்ப் பதிவு செய்துகொள்ளவும்.

ராஜ்மோகன் எழுந்து உட்கார்ந்தான். இன்னொரு முறை படித்தான். கேட்டது கிடைத்துவிட்டது.

முதலில் அவளிடம் சொல்லத்தான் கிளம்பினான். அதில் பொய் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அரங்கத்து வாசல் வரை போனான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, கூட்டம் சிரித்தது. பிறகு கைதட்டல். முடியட்டும் என்று அவன் நின்றுகொண்டிருந்தபோது கையில் இருந்த போன் அதிர்ந்தது.

"எப்படிப் போச்சு டீச்சர்? நல்லா பண்ணியிருப்பீங்க." அனுப்பியவர் ஜெயபிரகாஷ்.

அந்தக் கேள்வியை இத்தனை நாளில் தான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது அவனுக்கு உறைக்கவில்லை. அவர் கேட்டதுதான் உறைத்தது. வாசலிலிருந்து அப்படியே திரும்பிவிட்டான். நாளைக்கு விமான நிலையத்தில் போய் நிற்கட்டும். உங்கள் விமானம் இல்லை என்று கவுண்டரில் இருப்பவர்கள் சொல்லட்டும். அப்போது இவள் முகத்தைப் பார்த்து, உங்க சார் சொன்ன ஏர்லைன் எப்படி என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

சாயங்காலம் முகமெல்லாம் பூரிப்பாக வந்த இளவேனில், போன் ஏதாவது வந்ததா என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, பாப்பா மட்டும் பேசினாள் என்றான். அவள் ஜெயபிரகாஷுக்குப் பதில் எழுதியதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். விமானக் கம்பெனியின் செய்தி கீழே எங்கேயோ கிடந்தது. அவள் அதுவரை போகவில்லை.

மறுநாள் ஆட்டோவில் போகும்போது அவன் வாயில் ஏதோ பாட்டு முனகலாக வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று அவள்கூடக் கேட்டாள். வீட்டுக்குப் போகிறோமே என்றான்.

தித்லி ஏர் கவுண்டரில் கூட்டமே இல்லை. மஞ்சள் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண் மட்டும் இருந்தாள். இவர்கள் டிக்கெட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. விமானம் ரத்தானதை நேற்றே தெரிவித்துவிட்டோம், பதிவு செய்தவர்களை எல்லாம் காலையிலேயே வேறு விமானத்தில் ஏற்றிவிட்டோம், நீங்கள் மட்டும்தான் பாக்கி, இனி நாளைக்குத்தான் இடம் இருக்கிறது, அதுவும் பக்கத்துப் பக்கத்தில் கிடையாது என்று ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னாள்.

இளவேனில் போனை எடுத்துத் தேடினாள். செய்தி இருந்தது. ஏற்கெனவே திறந்து படித்த செய்தியாக இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராஜ்மோகன் நேற்றிலிருந்து தயார் செய்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டான்.

"உங்க சார் சொன்ன ஏர்லைன் எப்படி?"

அவள் போனை அவன் பக்கம் திருப்பினாள். "இத எப்பங்க பாத்தீங்க?" என்றாள்.

பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை. "நேத்து மத்தியானம்" என்றான்.

இளவேனில் நாளைய விமானத்திலேயே போட்டுவிடும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லி, புது டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, பெட்டியை உருட்டிக்கொண்டு போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் போய் ஒரு இடம் விட்டு உட்கார்ந்தான். பெட்டியைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டு அவள் பேசினாள்.

"ஜெயபிரகாஷ் சார் இந்த ஏர்லைன் வேண்டாம்னுதாங்க சொன்னாரு. திடீர்னு கேன்சல் பண்ணுவாங்க, கூடக் கொஞ்சம் போனாலும் வேறதுல போங்கன்னாரு. நான்தான் நாலு நாள் உக்காந்து தேடி இத எடுத்தேன். ரெண்டு பேர் போகணுமே."

"அப்பறம் ஏன் அவரு சொன்னாருன்னு சொன்ன?"

"நான் சொன்னேன்னா நீங்க கேப்பீங்களா? கிரைண்டரும் நான் பாத்ததுதான். டாக்டரும் நான் விசாரிச்சதுதான். நான் சொன்னா ஒனக்கு என்ன தெரியும்பீங்க. ஒரு ஆம்பள பேர சொன்னா வாய மூடிக்கிறீங்க. அதான் சொன்னேன்."

"டயரு?"

"டயரு அவரு பாத்தாரு" என்றாள் இளவேனில்.

மறுநாள் அவள் பள்ளியில் இருந்தாக வேண்டும். பத்தாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு. யாராவது அவளுக்குப் பதில் நின்று நடத்த வேண்டும். அவள் ஜெயபிரகாஷின் எண்ணைப் போட்டு, மணி அடிக்கத் தொடங்கியதும் போனை ராஜ்மோகனிடம் நீட்டினாள். நீங்களே சொல்லுங்க என்றாள். வாங்காமல் இருக்க அவனுக்கு வழி இல்லை.

அந்தப் பக்கத்துக் குரல், சொல்லுங்க டீச்சர் என்றது. ராஜ்மோகன் தான் யார் என்பதைச் சொன்னான். விமானம் ரத்து என்றும், செய்தியைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்றும் தட்டுத் தடுமாறிச் சொன்னான். நான் அப்போதே சொன்னேனே என்று அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. தேர்வைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தங்க இடம் கிடைத்ததா, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பாப்பாவை ஸ்கூலில் விட வேண்டியிருந்தால் விழிதியூர் வழியாகத்தானே வருகிறேன், கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். வேண்டாங்க சார், அம்மா பார்த்துக்கொள்வார்கள் என்று ராஜ்மோகன் அவசரமாகச் சொல்லிப் போனை வைத்தான். அந்த அன்பு மிளகாய் அரைத்துத் தடவின மாதிரி எரிந்தது.

அன்றைக்கு ஒரு லாட்ஜில் தங்கினார்கள். மறுநாள் விமானத்தில் அவளுக்கு முன்பக்கம் இடம், அவனுக்குப் பல வரிசை தள்ளிப் பின்னால். அவள் பக்கத்தில் அசாமியப் பாட்டியம்மா ஒருத்தி, முதல் தடவை பறக்கிறாள் போலிருக்கிறது, பயந்துபோய் இளவேனிலின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இளவேனில் ஜன்னல் பக்கம் விரலை நீட்டி இறக்கையைக் காட்டி என்னவோ விளக்கினாள். எந்த மொழியில் சொன்னாளோ, பாட்டி தலையை ஆட்டிச் சிரித்தாள். இவளும் சிரித்தாள். அவள் தலையின் பின்பக்கமும் ஒரு காதும் மட்டும்தான் ராஜ்மோகனுக்குத் தெரிந்தது. போகும்போது அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஜெயபிரகாஷை நினைத்துக் கருகிக்கொண்டே அவன் சென்னை முதல் குவஹாத்தி வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது அந்தப் பல் போன கிழவியைப் பார்த்து அவனுக்குப் பொறாமையாக இருந்தது. தனக்கே அது கேவலமாகத் தெரிந்தது. தெரிந்தும் குறையவில்லை.

ஊருக்குப் போகிற பஸ்ஸில் சீட்டு சேர்ந்து கிடைத்தது. வழியெல்லாம் அவள் ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கினாள். தரங்கம்பாடி தாண்டியதும் விழித்துக்கொண்டாள். வெளியே காரைக்கால் எல்லையான பூவத்தில் ஒயின் ஷாப் போர்டுகள் வரிசையாகப் போயின. ராஜ்மோகன் அவள் பக்கம் திரும்பினான். நான் செய்தது தப்புதான் என்று ஆரம்பித்தான். அது தெரியும் என்பது போல அவள் தலையை அசைத்தாள். அடுத்து அவன் வாயில் வேறு ஒன்று வந்தது.

"அங்க என்ன செஞ்சு காட்டுன?" என்றான்.

இளவேனில் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். கேலி செய்கிறானோ என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். ஜூஸ் குடிக்கிற குழாயின் ஒரு முனையில் களிமண் அடைத்துத் தண்ணீரில் விட்டால் அது செங்குத்தாக மிதக்கும். நல்ல தண்ணீரில் ஆழமாக இறங்கும். உப்புத் தண்ணீரில் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். கடலோரம் திருவேட்டக்குடியிலிருந்து உள்ளே வர வர ஒவ்வொரு ஊர் போர்வெல் தண்ணீரையும் பிள்ளைகளை விட்டுக் கொண்டுவரச் சொல்லி, எந்த ஊர் வரைக்கும் உப்பு ஏறியிருக்கிறது என்று அந்தக் குழாயை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். வடக்கத்தி வாத்தியார்கள் எழுந்து வந்து குழாயைத் தொட்டுப் பார்த்தார்களாம்.

"நம்ம போர்?" என்றான் ராஜ்மோகன். வயலில் அவன் அப்பா போட்ட போர் அது.

"கொஞ்சம் ஏறிடுச்சுங்க. நான் சொன்னேனே, நீங்க காதுல வாங்கல."

அவன் வயல் தண்ணீர் குவஹாத்தி வரை பேசப்பட்டிருக்கிறது. அவனுக்குத் தெரியாது. யார் வந்து அந்தத் தண்ணீரை எடுத்துப் போனது என்று கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தான். கேட்டுவிட்டான்.

"ஜெயபிரகாஷ் சார்தான் வண்டியில கொண்டாந்தாரு" என்றாள் இளவேனில். சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

ராஜ்மோகனுக்கு உள்ளே எழுந்தது எழுந்ததுதான். முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ம். அப்பறம்?" என்றான்.